வாடல் நோய்க்கு ஒரு மணிமண்டபம்

தமிழ்நாட்டில் யார் யாருக்கோ மணிமண்டபம் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் இந்தக் கோரிக்கையை வைக்கிறேன்: தென்னையைப் பிடிக்கும் கேரள வாடல் நோய்க்குப் பொள்ளாச்சியில் ஒரு மணிமண்டபம் கட்டித்தர வேண்டும். 2032-ல் நோய்க்கு 150 வயது நிறைகிறது. இப்போதே டெண்டர் விட்டால்தான் விழாவுக்குள் கூரையாவது ஏறும். வாசலில் சிலை வைப்பதிலும் சிக்கல் இல்லை. நோயை உண்டாக்கும் ஃபைட்டோபிளாஸ்மா, செல்சுவர் இல்லாத நுண்ணுயிரி. அதற்கென்று நிலையான உருவம் கிடையாது. எந்தக் கட்சி ஆள்கிறதோ அந்தக் கட்சிக்குப் பிடித்த முகஜாடையில் செதுக்கிக்கொள்ளலாம். ஆட்சி மாறினால் லேசாகச் செதுக்கித் திருத்தினால் போதும்.

கல்வெட்டுக்கு உதவட்டும் என்று வாழ்க்கைக் குறிப்பையும் நானே தருகிறேன். 1882-ல் ஒரு பெருவெள்ளம் வடிந்த பிறகு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மீனச்சில் தாலுகாவில், ஈராட்டுபேட்டைப் பக்கம் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பூஞ்சாண நிபுணரான பட்லர் துரை வந்து ஆராய்ந்து, 1908-ல் அறிக்கை எழுதினார். பூஞ்சாண நிபுணருக்குப் பூஞ்சாணம்தானே தெரியும்? காரணம் அதுதான் என்றார். அவருக்குப் பின் வந்தவர்களில் சிலர் நூற்புழு என்றார்கள், சிலர் வைரஸ் என்றார்கள், சிலர் மண்ணில் சத்து இல்லை என்றார்கள். சுதந்திரம் வந்த கையோடு காயங்குளத்தில் இந்த நோய்க்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1983-ல்தான் மின்னணு நுண்ணோக்கிக்கு அடியில் அசல் ஆள் சிக்கினான். குற்றவாளியை அடையாளம் காணவே 101 ஆண்டு. நம் ஊர் சிவில் வழக்குகளோடு ஒப்பிட்டால் இது துரித நீதிதான்.

விஞ்ஞானிகளைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த நுண்ணுயிரியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது எளிதல்ல. மரத்தின் சாறு ஓடும் குழாய்களிலும் பூச்சியின் உடம்பிலும்தான் அது பிழைக்கும். அதைத் துரத்திப் பிடித்தவர்கள் கெட்டிக்காரர்கள். பிடித்துக்கொடுத்த பிறகு கோட்டையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குத்தான் மணிமண்டபம்.

இந்த நோயின் தனிச்சிறப்பு, அது மரத்தைக் கொல்வதில்லை. அதில்தான் அதன் ராஜதந்திரம் இருக்கிறது. ஓலையின் கீற்றுகள் உள்பக்கமாக வளைந்து, பட்டினி கிடந்தவனின் விலா எலும்பைப்போல் தெரிய ஆரம்பிக்கும். அடிமட்டை மஞ்சளாகும், கீற்றின் ஓரம் கருகும். பாளை சிறுக்கும், குரும்பை கொட்டும், தப்பிப் பிழைத்த காயில் பருப்பு மெலியும், எண்ணெய் குறையும். மரம் மட்டும் நிற்கும். வருஷக்கணக்காக நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. சாய்ந்த மரத்தைக் கேமராவுக்குப் பிடிக்கும். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றால் படம் எடுபடும். நின்றபடியே வாடும் மரத்தின் பக்கத்தில் யார் போய் நிற்பார்கள்? பின்னணியில் தோப்பு பச்சையாக வேறு இருக்கும். "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

கேரளத்தில் இந்த நோயால் ஆண்டுக்கு 96.8 கோடி காய்கள் போகின்றன என்று 1984-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. மலைக்கு இந்தப் பக்கம் இருந்த நம் ஆட்சியாளர்கள் அதைப் படித்தார்களா என்று தெரியாது. படித்திருந்தால், மலை குறுக்கே இருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். நோயைச் சுமந்து திரியும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் தத்துப்பூச்சிக்கும் பூகோளப் பாடம் நடத்த ஆளில்லை. பாலக்காட்டுக் கணவாய் என்று ஒன்று இருப்பதை அவை தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டன. செங்கோட்டைக்கு வந்தது, கம்பத்துக்கு வந்தது, குமரிக்கு வந்தது, ஆனைமலைக்கும் பொள்ளாச்சிக்கும் வந்தது. ஆழியாரில் நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய் அதன் வாசலுக்கே வந்து நின்றது. ஆய்வுக்கு மாதிரி தேடி அலைய வேண்டாம் என்ற வசதியாவது அவர்களுக்குக் கிடைத்தது.

பூச்சி காற்றில் பறந்து வந்தது, சரி. லாரியில் வந்த தென்னம்பிள்ளைக்கு என்ன பதில்? எல்லையில் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் லாரியின் சக்கரத்துக்கெல்லாம் மருந்து அடிக்கிறோம். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், பாளையில் கலயம் கட்டினால் போலீஸ் வரும். பாளையே வராமல் செய்கிற நோய் எல்லை தாண்டி வந்தபோது கைகாட்டி நிறுத்த ஒருவரும் இல்லை. தென்னையில் சட்டம் ஒழுங்கு என்றால் நமக்குக் கள் மட்டும்தான்.

இலங்கையில் தெற்குக் கடற்கரையோரம் வெலிகமையில் 2006 வாக்கில் இதே சாயலில் ஒரு வாடல் நோய் தலைகாட்டியது. அங்கேயும் காரணம் ஃபைட்டோபிளாஸ்மாதான். அவர்கள் நோய்ப் பகுதிக்கு எல்லைக்கோடு போட்டு, தென்னை இனச் செடிகளை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தார்கள். அந்த நாட்டையும் ரொம்பப் புகழ்ந்துவிட முடியாது. தேங்காய் விலை ஏறியதும் குரங்குகள் மேல் பழியைப் போட்டு, 2025 மார்ச் 15-ஆம் தேதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுக்கக் குரங்கு, மயில், அணில் கணக்கெடுப்பு நடத்தியவர்கள் அவர்கள். இருந்தாலும் ஐந்து நிமிஷமாவது எண்ணினார்கள். பொள்ளாச்சியில் நோய்பட்ட மரம் எத்தனை என்பதற்கு அதிகாரி ஒரு கணக்கும், விவசாயி ஒரு கணக்கும், சட்டமன்றத்தில் பேசுகிறவர் மூன்றாவது கணக்கும் சொல்கிறார்கள்.

நோய்க்குத் துணையாக ஒரு விருந்தாளியும் வந்து சேர்ந்தார். சுருள் வெள்ளை ஈ. 2004-ல் மத்திய அமெரிக்காவின் பெலீஸில் கிடைத்த மாதிரியை வைத்துப் பெயர் சூட்டப்பட்டது, 2009-ல் புளோரிடா போனது, 2016-ல் இந்தியாவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்த இடங்களில் ஒன்று நம் பொள்ளாச்சி. முதலீட்டாளர் மாநாடு நடத்தாமல், சிவப்புக் கம்பளம் விரிக்காமல், இவ்வளவு தூரத்திலிருந்து தானாக வந்து இறங்கிய ஒரே வெளிநாட்டு வரவு இதுவாகத்தான் இருக்கும். ஓலையின் அடியில் வெள்ளை மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்டு முட்டையிடும். அது ஒழுகவிடும் தேன் போன்ற கழிவு கீழ்மட்டைகளில் விழுந்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே கரி அப்பிக்கொண்டு நிற்கும்.

இதற்கு ஆராய்ச்சி நிலையங்கள் சொன்ன யோசனை நியாயமானது. ரசாயன மருந்து அடிக்காதீர்கள். என்கார்சியா என்றொரு பொடிக் குளவி அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும். மருந்தடித்தால் முதலில் சாவது குளவிதான் என்றார்கள். எத்தனை பேர் காதுக்கு அது போய்ச் சேர்ந்தது? வேளாண் அலுவலரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் மீட்டிங்கில் இருப்பார். மருந்துக்கடைக்காரர் காலை எட்டு மணிக்கே கடையைத் திறந்து வைத்திருப்பார், கடனும் கொடுப்பார். யார் பேச்சு எடுபடும்? அடித்தார்கள். குளவி செத்தது, ஈ பெருகியது, கடன் நின்றது. கரும்பூசணத்தைப் போக்க ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மைதாவைப் பசையாகக் கரைத்து ஓலைமேல் தெளிக்கச் சொன்னார்கள். பசை காய்ந்து உதிரும்போது பூசணமும் சேர்ந்து உரியும். விஞ்ஞானம் சரி. ஐம்பதடி உயரத்தில் இருக்கிற ஓலைக்கு மைதா அடிப்பது யார், எந்தப் பம்பை வைத்து, எந்தக் கூலிக்கு? அதைத் துண்டறிக்கையில் போட இடம் இல்லை. வழவழப்பான தாளில் அமைச்சர் படம், துறைச் செயலர் படம், திட்டத்தின் சின்னம் எல்லாம் போட்டபின் எங்கே இடம் இருக்கும்?

வாடல் நோய்க்கும் ஒரு துண்டறிக்கை உண்டு. 'ஒருங்கிணைந்த மேலாண்மை' என்று தலைப்பு. தீர்க்க மருந்து இல்லை, செலவை நீயே பார்த்துக்கொள் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 1.3 கிலோ யூரியா, அதற்குமேல் சூப்பர், பொட்டாஷ், மக்னீசியம் சல்பேட், வட்டப்பாத்தியில் பசுந்தாள் உரம், வேர் வழியாக டானிக். ஏக்கருக்கு 70 மரம் என்று வையுங்கள். தொழுவுரம் மட்டும் மூன்றரை டன், புண்ணாக்கு 350 கிலோ. மாடு விற்ற காசில்தான் விவசாயி போன வருஷம் மரத்துக்கு மருந்து வாங்கினான். இந்த வருஷம் தொழுவுரத்துக்கு அந்த மாட்டை எங்கே போய்த் தேடுவான்? இத்தனையும் செய்தால் மரம் குணமாகும் என்று துண்டறிக்கையும் சொல்லவில்லை, பாவம். நோயோடு கொஞ்சம் நன்றாக வாழும் என்கிறது.

ஆண்டுக்குப் பத்துக் காய்கூடத் தராத நோய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பது அறிவியல் சொல்லும் அடுத்த வழி. இங்கேதான் அரசின் கைவண்ணம் உச்சத்துக்குப் போகிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மறுநடவுத் திட்ட விதிப்படி, மரம் வெட்ட ஒரு மரத்துக்கு 1,000 ரூபாய் மானியம். ஹெக்டேருக்கு 32 மரம் வரை. ஒரு ஹெக்டேரில் சுமார் 175 மரம் இருக்கும். அதில் 32-ஐத் தொட்டதும் நோய் மரியாதையாக நின்றுவிட வேண்டும், அல்லது தொற்றிய மரங்கள் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, மானியத்தோடு சாகப்போவது யார் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். "ஏனுங்க, முப்பத்திமூணாவது மரத்துகிட்ட நோவு வாங்காதேன்னு யாருங்க போய்ச் சொல்றது?" என்று ஒரு குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு விவசாயி கேட்டால், மேடையில் இருப்பவர் என்ன செய்வார்? மனுவை வாங்கி அடியில் இருக்கும் மனுவுக்கு மேலே வைப்பார்.

நோய் மரத்தை வெட்டிய கதை வேறு நாட்டிலும் உண்டு. கானாவில் 1936-ல் கொக்கோவைத் தண்டு வீக்க வைரஸ் பிடித்தது. மருந்து இல்லாததால் வெள்ளைக்கார அரசு நோய் மரங்களை வலுக்கட்டாயமாக வெட்டித் தள்ளியது. கண்ணெதிரே காய்த்த மரம் சாய்வதைப் பார்த்த குடியானவர்கள் கொதித்தார்கள். 1948-ல் அக்ராவில் கலவரம் வெடித்தபோது, அதை விசாரித்த குழு பட்டியலிட்ட மனக்குறைகளில் இந்த மரவெட்டும் ஒன்று. அங்கே வெட்டாதே என்று கலகம் செய்தார்கள். பொள்ளாச்சியில் விவசாயி தானே வந்து, வெட்டக் காசு கொடுங்கள் என்று வரிசையில் நிற்கிறான். நாற்பது வருஷம் தண்ணீர் ஊற்றியவன், மெஷின் வாளுக்கு வாடகை கேட்டு மனு எழுதுகிறான். இவ்வளவு அடக்கமான குடிமக்கள் அந்தத் துரைமார்களுக்கு வாய்க்கவில்லை.

காப்பீடு இல்லையா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு நிர்ணயித்த தொகை 1,750 ரூபாய். இளைய மரத்துக்கு 900. தேங்காய் கிலோ 60 ரூபாயைத் தாண்டிய 2025-ஆம் ஆண்டு விலையில், ஒரு முழு மரத்தின் உயிருக்குக் கிடைக்கும் தொகையில் முப்பது கிலோ தேங்காய் வாங்க முடியாது. அந்த 2025-ல்தான் நகரம் விழித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஹோட்டல் சட்னி நீர்த்துப்போனதும் தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. நாலு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கத்தினார்கள். ஃபைட்டோபிளாஸ்மா என்ற சொல்லை ஒருவராவது உச்சரித்திருந்தால் அவருக்கு நான் ஒரு மூட்டை கொப்பரை தருகிறேன்.

இத்தனை நேரம் சிரித்ததுபோல் எழுதினேன். இனி வருவதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. இந்த நோய்க்கு வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை. வழி தெரியும். நோய் சூறையாடிய தோப்பின் நடுவே ஒன்றிரண்டு மரங்கள், தமக்கு ஒன்றும் நடக்காததுபோல் குலை தள்ளிக்கொண்டு நிற்கும். அவைதான் தாய்மரங்கள். அவற்றுக்குள் நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சோதனை உண்டு. அப்படித் தேடி எடுத்த மரங்களின் வழியாகத்தான் காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் கல்பஸ்ரீ, கல்பரக்ஷா என்ற குட்டை ரகங்களையும், சாவக்காடு பச்சைக் குட்டையை மேற்குக் கடற்கரை நெட்டையோடு கலந்த கல்பசங்கராவையும் கொண்டுவந்தது. நோயே அண்டாது என்று அவர்கள் ஜம்பம் அடிக்கவில்லை. தாங்கி நின்று காய்க்கும் என்கிறார்கள். அது போதும். கேட்டு வருகிறவனுக்கெல்லாம் கொடுக்க அந்தக் கன்று இருக்கிறதா? இல்லை.

ஏன் இல்லை? இதற்கு ராக்கெட் வேண்டியதில்லை. மரம் ஏறத் தெரிந்த ஆள் வேண்டும். அவர் பாளையில் ஆண்பூக்களை நீக்கி, உறை போட்டு மூடி, பெண்பூ பக்குவப்படும்போது மகரந்தம் தூவி, மறுபடி மூட வேண்டும். காய் முற்ற ஏறத்தாழ ஒரு வருஷம். நாற்றங்காலில் இன்னொரு வருஷம். நட்டபின் குட்டை காய்க்க மூன்று நான்கு வருஷம், நெட்டை காய்க்க ஆறேழு வருஷம். கூட்டிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரியும். ஆட்சி ஐந்து வருஷம். ஆராய்ச்சித் திட்டத்துக்கு நிதி மூன்று வருஷம், நீட்டினால் ஐந்து. இந்த மந்திரி வைத்த பிள்ளையில் அடுத்த மந்திரி குலை வெட்டுவார். எந்த மந்திரிக்கு அந்தப் பெருந்தன்மை உண்டு? டானிக் பாட்டில் என்றால் இன்று மதியமே மேடையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். தாய்மரத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது.

முன்பு ஒரு காலம் இருந்தது. 1916-ல் சென்னை மாகாண அரசு காசர்கோட்டில் தென்னைக்கென்று ஆராய்ச்சிப் பண்ணை வைத்தது. உலகில் யாரும் செய்யாத வேலையாக, 1932-ல் நீலேஸ்வரத்தில் ஜே.எஸ். பட்டேல் நெட்டையையும் குட்டையையும் இனக்கலப்பு செய்து, அந்த வகையில் முதல் கலப்பினத் தென்னையை உண்டாக்கினார். அடிமை நாட்டின் சம்பளக்காரர் ஒருவர், தன் பதவிக்காலத்தில் பலன் தெரியுமா என்று பார்க்காமல் செய்த வேலை அது. பின்னால் மாநில எல்லை மாறியது, பண்ணை அந்தப் பக்கம் நின்றுவிட்டது, நோய் மட்டும் இந்தப் பக்கம் வந்தது. நாமும் வேப்பங்குளத்திலும் ஆழியாரிலும் நிலையங்கள் வைத்தோம். அங்கே இருப்பவர்களிடம் ஆளும் பணமும் பத்து வருஷ அவகாசமும் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்டால் அது நியாயம். கொடுக்காமல், துண்டறிக்கை அச்சடித்தீர்களா என்று மட்டும் கேட்கிறோம்.

தென்னையின் நிழலிலேயே ஊடுபயிராக நிற்கிறது கொக்கோ. அதன் கதை வேறு. கேட்பரி கம்பெனிக்குக் கொட்டை தேவைப்பட்டது. 1987-லேயே கேரள வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கொக்கோ ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. நல்ல ரகங்கள் வந்தன, ஒட்டுக்கன்றுகள் வந்தன. அதற்காகக் கம்பெனிக்குப் பாலபிஷேகம் செய்ய வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் நோயும் மழையும் சேர்ந்து விளைச்சலைச் சாய்த்து, 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கொக்கோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அதே கம்பெனிகளுக்குப் பல்லாண்டாக அடிமாட்டு விலைக்கு விற்ற குடியானவனிடம் மரத்தைப் புதுப்பிக்கக் காசு இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம். என் வயிற்றெரிச்சல் வேறு. மிட்டாய்க்கு ஒரு முதலாளி இருந்தார், ஆராய்ச்சி நடந்தது. தேங்காய்க்கு முதலாளி யார்? எட்டுக் கோடிப் பேரின் அம்மிக்கல்தான். அதற்கு வாய் கிடையாது.

ஆனால் பொள்ளாச்சிக்காரருக்கு வாய் உண்டு, கையில் அரிவாளும் உண்டு. பதற வேண்டாம், இளநீர் சீவுகிற அரிவாளைச் சொல்கிறேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளரும் தோப்புக்கு வருவார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்காருவார்கள். நீங்களும் பழக்கதோஷத்தில் செவ்விளநீர் ஒன்றைச் சீவிக் கையில் கொடுப்பீர்கள், அவர் அண்ணாந்து குடிப்பார், படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த முறை சீவாதீர்கள். "அண்ணா, இந்த ஒன்றியத்துல எத்தனை தாய்மரம் குறிச்சிருக்கீங்க? பாளைக்கு உறை போட எத்தனை ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கீங்க? முப்பத்திமூணாவது மரத்துக்கு யாரு காசு தருவாங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை வெயிலில் நிற்கட்டும். ரொம்பத் தாகமாக இருந்தால் மெயின் ரோட்டில் கடை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிக் குடிக்கட்டும், இன்றைய விலைக்கு.